குங்குமப் பொட்டு வைத்த டெக்

வேதாரண்யம்
12.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது.  

என்னடா இது, போனைப் போடாமல் கடுதாசி எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, மன்னார்குடியில் மழையா வெயிலா என்று கேட்டு வைத்துவிடுவேன். 36 வருஷமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பேனா.

இந்தக் கடுதாசியோடு ஒரு அட்டைப்பெட்டி வந்திருக்கும். சாக்கு சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஆழமாக விடாதே. உள்ளே இரண்டு வீடியோ டெக், வயர்கள், மூன்று கேசட். டெக்கா, இந்தக் காலத்திலா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பான்காரர்களின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனிமேல் இருப்பது போனால் போனதுதான். இந்த இரண்டையும் நானே பெல்ட் மாற்றி, ரப்பர் உருளையைத் துடைத்து, மூன்று நாள் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

மூன்று கேசட்டில் ஒன்று உன் மூத்தார் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. வீடு காலி செய்தபோது பரணில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் மூட்டை கட்டி, நமக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளச் சொல்லி ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். பாதிக்கு மேல் இங்கிலீஷ் படம். அடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிய கேசட்: உன் கல்யாணம், ஆவணி 1988. இன்னொன்று என் பீரோவில் இத்தனை வருஷம் துணிக்கடியில் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். மூன்றாவது வெற்றுக் கேசட், என் டெக் வாடகைக் கடையை மூடியபோது மிச்சமிருந்தது. மேல் தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

வேலை இதுதான். சிங்கப்பூர் கேசட்டை வெற்றுக் கேசட்டில் காப்பி போட வேண்டும். அது காப்பி ஆகும்போதே நீ டிவியில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஓட்டத்தில் நடந்தால் நல்லது, ஏனென்றால் சிங்கப்பூர் கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. சுருள் ஓரத்தில் விபூதி தூவினாற்போல் வெள்ளை. அடியில் இருக்கும் ஐந்து ஸ்குருவையும் கழற்றி, டேப்பை வெளியே எடுத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்தேன். மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் கால் கிலோமீட்டர் டேப் இருக்கிறது. இரண்டு நாள் ஆனது, முதுகு போயிற்று. இருந்தாலும் இன்னும் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று சொல்ல முடியாது. நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அடுத்தது நீ.

பாப்பா கேட்பாள்: ‘ஏன் மாமா, பென்டிரைவில் போட்டு அனுப்பினால் போதாதா?’ போதும்தான். அதற்கென்று ஒரு சின்ன வயர் பெட்டிகூட விற்கிறது. ஆனால் அதில் நீ பார்க்கப்போகிற ஒன்றை நீ நம்பமாட்டாய். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை வைத்து யாரை வேண்டுமானாலும் யார் கல்யாணத்திலும் நிற்க வைக்கலாம். அண்ணன் ஏதோ செய்து ஒட்டிவிட்டான் என்பாய். 1988-இல் பதிந்த டேப், அதே டேப், உன் கண்ணெதிரே ஓட வேண்டும்.

பெட்டி வந்ததும் உடனே கரன்ட் கொடுத்துவிடாதே. ஏ.சி. காரில் வருகிறது. குளிரிலிருந்து மன்னார்குடிப் புழுக்கத்துக்கு வந்தால் உள்ளே சுற்றும் உருளையில் வேர்த்துவிடும். ஈரத்தில் டேப் அதோடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான், வாழைநார் மாதிரி உரித்து எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கூடத்தில் சும்மா வைத்திரு.

ஒரு டெக்கின் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறேன். அது ஓடுகிற டெக். இன்னொன்றில் சந்தனம். அது பதிகிற டெக். சிங்கப்பூர் கேசட் குங்குமத்துக்குள் போகும், வெற்றுக் கேசட் சந்தனத்துக்குள் போகும். இதை மாற்றக் கூடாது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

வயர் விஷயம் சுலபம். மஞ்சள் முனை படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். குங்கும டெக்கின் பின்னால் ‘அவுட்’ என்று எழுதியிருக்கும் ஓட்டைகளிலிருந்து சந்தன டெக்கின் ‘இன்’ ஓட்டைகளுக்கு ஒரு வயர். சந்தன டெக்கின் ‘அவுட்’டிலிருந்து டிவிக்கு இன்னொரு வயர். தண்ணீர் பாய்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல் பாப்பாவை: மேல் வயலிலிருந்து கீழ் வயல், கீழ் வயலிலிருந்து வடிகால். குங்கும டெக்குக்கு ஒரே காதுதான், அதனால் சத்தத்துக்கு வெள்ளை மட்டும் போதும். சிவப்பு சும்மா தொங்கட்டும். சந்தன டெக்கின் ரிமோட்டில் ‘ஏ.வி.’ என்று வரும்வரை அழுத்த வேண்டும், டிவியிலும் அப்படியே. அதை மறந்துவிட்டுப் படம் வரவில்லை என்று எனக்குப் போன் செய்பவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

சந்தன டெக்கின் ‘அவுட்’டைத் திருப்பி குங்கும டெக்கின் ‘இன்’னில் மாட்டிவிடாதீர்கள். ஓடுகிற டெக்கை நிறுத்தின உடனே டிவி ஊளையிடும். படம் இரண்டு கண்ணாடியை எதிரெதிரே வைத்தது மாதிரி தனக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். கெட்டுப்போகாது, ஆனால் பயந்துபோய் யாராவது எதையாவது அமுக்குவார்கள். அமுக்கக் கூடாததை அமுக்குவது எப்போதும் பயத்தில்தான்.

இன்னொன்று. காப்பி ஆகும்போது டிவியில் தெரிவது பதிந்த படம் அல்ல, பதிகிற டெக்குக்குள் போகிற படம். பதிந்ததா இல்லையா என்பதை டிவி சொல்லாது. ஆரம்ப காலத்தில் ஒரு காதுகுத்துக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து காப்பி போட்டேன். டிவியில் படம் கண்ணாடி மாதிரி. போட்டுப் பார்த்தால் முழுக்கப் புள்ளி மழை. பதிகிற டெக்கின் ஹெட்டில் அழுக்கு அடைத்திருந்தது. அதனால் முதலில் ஒரு நிமிஷம் பதிந்து, திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஓடும்போது படத்தின் அடியில் வெள்ளைப் பட்டை நெளிந்தால் குங்கும டெக்கில் டிராக்கிங் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். அதையும் பதிய ஆரம்பிக்கும் முன்பே சரிபண்ணிவிட வேண்டும். நடுவில் திருப்பினால் அந்த ஆட்டமும் சேர்ந்து பதியும்.

நம் கடைக் காலத்தில் இந்த வயரெல்லாம் கிடைக்காது. ஒரு டெக்கில் ஒரு மாதிரி முனை, இன்னொன்றில் வேறு மாதிரி. உனக்குத் தெரியும், நான் எல்லாவற்றையும் ஆண்டெனா வயரிலேயே ஓட்டினேன். மாடியிலிருந்து வரும் ஆண்டெனா ஓடுகிற டெக்குக்குள், அங்கிருந்து பதிகிற டெக்குக்குள், அங்கிருந்து டிவிக்கு. ஒவ்வொரு டெக்கும் தன் படத்தை ஒரு குட்டி டிவி ஸ்டேஷன் மாதிரி 36-ஆவது சேனலில் அனுப்பும். இரண்டும் ஒரே சேனலில் அனுப்பினால் ஒன்றோடொன்று மோதிப் படம் முழுக்கப் பாய் பின்னினாற்போல் கோடு விழும். பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஸ்குரு டிரைவர் விட்டு ஒன்றை 32-க்குத் தள்ளிவிட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

அந்த ஆண்டெனாவும் உனக்கு ஞாபகம் இருக்கும். மெட்ராஸ் தூர்தர்ஷன் நமக்குச் சரியாக எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கம் எட்டியது. தென்னைமர உயரத்துக்குக் குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து, தெற்கே திருப்பினால் ரூபவாஹினி. 1982-இல் அவர்கள் ஆரம்பித்த நாளிலிருந்து நம் பக்கத்தில் பாதிப் பேர் மொழி தெரியாமலே சிங்களச் செய்தி பார்த்து வளர்ந்தோம். அம்மா, ‘இந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது’ என்று சொல்லும், என்ன படிக்கிறாள் என்று தெரியாமலே.

1985-இல் அப்பா தோப்புக் காய் விற்ற பணத்தில் வைத்துக்கொடுத்த கடை. டிவி, டெக் வாடகைக்கு. ராத்திரிக்கு மூன்று படம். முதல் படம் ஊரே பார்க்கும், இரண்டாவது ஆம்பளைகள் பார்ப்பார்கள், மூன்றாவது விடிகிற நேரத்தில் யாரும் பார்க்காமல் தானாக ஓடிக்கொண்டிருக்கும், நான் டெக்குக்குக் காவலாகப் படுத்திருப்பேன். அப்புறம்தான் கல்யாண வீடியோ வந்தது. அதில்தான் காப்பி வேலை. பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று. மாஸ்டர் யாருக்கு, காப்பி யாருக்கு என்று சீர்வரிசைக்குச் சமமாகச் சண்டை நடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சண்டையில் நியாயமும் இருந்தது. ஒரு காப்பி எடுத்தாலே கூரைப்புடவையின் அரக்குச் சிவப்பு கரையை விட்டு ஒழுக ஆரம்பிக்கும். காப்பியின் காப்பியில் மணப்பெண் முகமும் மணவறைச் சாமந்தியும் ஒன்றாகிவிடும்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேன்.

படம் பிடித்தது கடைப் பையன். எனக்குப் பொரி போடுகிற வேலை இருந்தது. ஆயிரம் வாட் லைட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் பின்னால் நின்றான், அத்தைகளெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். உன் மூத்தாருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் சிநேகிதர் ஒருவர் மூன்றாம் நாள் மெட்ராஸில் ப்ளேன் ஏறுகிறார், கேசட்டை அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உன் மாமனார் சொன்னார். அதனால் அவசரமாக முதல் காப்பி சிங்கப்பூருக்குப் போட்டேன். அது ஒழுங்காக முடிந்தது. மேலே ஓடுகிற டெக், கீழே பதிகிற டெக், எப்போதும் போல. கை பழகிய இடம்.

அடுத்த நாள் ராத்திரி உனக்குக் காப்பி. மேல் டெக் முதல் நாள் ஓட்டத்தில் சூடாகி டேப்பை இழுத்து இழுத்து விட்டது. அதனால் இரண்டையும் மாற்றினேன். கீழே ஓடுகிற டெக், மேலே பதிகிற டெக். வயரையெல்லாம் மாற்றினேன், கையை மாற்றவில்லை. தாலி கட்டி, கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போயிற்று. கால் மணி நேரம் கழித்து வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று, அரைத் தூக்கத்தில், பழக்கத்தில், கீழ் டெக்கில் ரெக்கையும் ப்ளேயையும் சேர்த்து அமுக்கினேன். கீழ் டெக்கில் இருந்தது உன் கல்யாண மாஸ்டர்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக் அந்தக் கேசட்டில் பதியாது. மாஸ்டர் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை உடைக்க வேண்டும் என்று கடைப் பையனுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். உன்னுடையதை உடைக்கவில்லை. ஆரம்பத்தில் நாதஸ்வரம் சேர்க்க வேண்டும், அதற்குப் பல் இருந்தால்தான் சத்தம் ஏறும் என்று விட்டுவைத்திருந்தேன்.

டிவியில் ஒரு அம்மா வந்தார். கண்டிச் சேலை, கையில் தாள். சிங்களச் செய்தி. ஒரு நொடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை, என்னடா இந்த நேரத்தில் செய்தி என்று நினைத்தேன். கரன்ட் போய் வந்ததில் டெக் ஒன்றாம் நம்பர் சேனலுக்குப் போய்விட்டிருந்தது. ஒன்றாம் நம்பரில் நான் வைத்திருந்தது ரூபவாஹினி. புரிந்து நிறுத்துவதற்குள் ஒன்பது நொடி. அதற்கு அப்பாலும் ஐந்து நொடிக்கு வெறும் புள்ளி. அழிக்கிற ஹெட் கொஞ்சம் முன்னாடியே உட்கார்ந்திருக்கும், அது அழித்துக்கொண்டே போன இடத்தில் பதிய ஒன்றும் வரவில்லை. மொத்தம் 14 நொடி. டேப்பை நீட்டிப் பிடித்தால் 33 சென்டிமீட்டர், ஒரு முழம் பூவுக்கும் குறைச்சல்.

அந்த முழத்தில் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் காப்பி போடும்போது பார்த்திருந்தேன்.

சித்தப்பா.

நீ இந்த இடத்தில் கடுதாசியை மடித்துவைத்தாலும் வைப்பாய். வைத்துவிட்டு மறுபடி எடு. தோப்புப் பாகத்தில் அப்பாவோடு பேச்சு நின்றுபோய் அப்போது இரண்டு வருஷம். பத்திரிகை வைக்க அம்மா மட்டும் போனார்கள். அவர் வரவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வந்தார். சாப்பிடவில்லை, மேடை ஏறவில்லை, அப்பா கண்ணில் படவில்லை. தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து, ஒரு தூண் பக்கத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டார். கேசட்டில் மட்டும் விழுந்துவிட்டார், அவருக்கே தெரியாமல்.

மறுநாள் உன்னிடம் நான் கொடுத்த கேசட் காப்பி. அதை மாஸ்டர் என்று சொல்லிக் கொடுத்தேன். அதில் கெட்டிமேளம் பாதியில் அறுந்து, அடுத்த நொடி அட்சதை விழுந்து ஓய்ந்த மேடை வரும். அந்தச் செய்தியையும் புள்ளியையும் தாண்டி அங்கிருந்துதான் தொடர்ந்தேன். ஏன் அங்கே குதிக்கிறது என்று நீ கேட்டபோது, கரன்ட் போச்சு என்றேன். கரன்ட் போனது நிஜம்தான். கடை அப்பா வைத்துக் கொடுத்தது. அப்பாவிடம் சொல்லப் பயம். அப்பா போன பிறகு பயமில்லை, அப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது.

நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், உனக்கு ஞாபகம் இருக்காது. பாப்பா பிறந்திருந்த சமயம். ‘சித்தப்பா உன் கல்யாணத்துக்கு வந்தார், நான் பார்த்தேன்’ என்றேன். ‘வந்தவங்க எல்லாரும் கேசட்ல இருக்காங்க, அவர் எங்க இருக்கார் காட்டு’ என்றாய். கேசட்டை வைத்துத்தான் நீ கணக்குப் பார்த்தாய். யார் வந்தார், யார் முகம் கொடுத்தார், யார் முறைத்தார் எல்லாம். எனக்கு வாய் அடைத்துவிட்டது. காட்டியிருந்தால் மாஸ்டரை எடுத்திருக்க வேண்டும். மாஸ்டரை எடுத்தால் அந்த இடத்தில் சித்தப்பா இல்லை, சிங்களச் செய்தி வாசிக்கிற அம்மாதான் இருக்கிறார். உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கணக்கில் சித்தப்பா விடுபட்டு, அழைக்காத அந்த அம்மா இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். அவரையும் பெட்டியில் வைத்திருக்கிறேன், பீரோவில் இருந்த அந்தக் கேசட்டில். நான் சொல்வதற்கு அவர்தான் சாட்சி. பார்த்துக்கொள்.

முதல் காப்பி சிங்கப்பூரில் இருக்கிறதே, கேட்டு வாங்கியிருக்கலாமே என்பாய். கேட்டேன், இரண்டு தடவை. இல்லை, எங்கோ போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை கேட்டால் எதற்கென்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு, கை தவறியதைவிடப் பெரியது. சித்தி தவறியபோது நீ அந்த வீட்டு வாசல் வரை வந்து, மாலையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாயே, அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். துஷ்டி வீட்டில் எதற்கு என்று அன்றைக்கும் விழுங்கினேன்.

இப்போது கேசட்டுக்கு வா. சிங்கப்பூர் காப்பி, ஒரு தலைமுறை தள்ளியது, பூஞ்சை பிடித்து எழுந்தது. உன் புடவைச் சிவப்பு மேடை வரை ஒழுகியிருக்கும். ஆனால் முழுசாக இருப்பது அது ஒன்றுதான். மாஸ்டரில் மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, அந்த முழம் இல்லை. பாப்பா இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தைத்துக்கொள்ளலாம். தையல் வெளியே தெரியும், பரவாயில்லை.

எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மணி பத்து நிமிஷம் ஓடிய பிறகு கெட்டிமேளம் வரும். படம் உன் மேலிருந்து இடது பக்கம் நகரும். அத்தை வருவார்கள், அப்புறம் தபால் ஆபீஸ்காரர், அப்புறம் தூண். தூணுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை, அக்குளில் குடை. வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், சைக்கிளில் வந்தவர்தானே. மேளம் உச்சத்துக்குப் போகும்போது மடித்த வேட்டியை அவிழ்த்து விடுவார். பிறகு அட்சதை போடுவார், மேடை வரை வந்து விழாது, நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் விழும். அப்போதுதான் லைட் தன் மேல் படுவது தெரிந்து, தூணுக்குப் பின்னால் போய்விடுவார். மொத்தம் பதினோரு பன்னிரண்டு நொடி. கண் சிமிட்டாமல் பார்.

அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நிறுத்தி வைத்தால் டேப் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும், உருளை மட்டும் நிமிஷத்துக்கு 1500 சுற்று அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். முதலில் காப்பி ஆகட்டும். அப்புறம் காப்பியை எவ்வளவு வேண்டுமானாலும் நிறுத்திப் பார்.

சிங்கப்பூர் கேசட், மாஸ்டர் இரண்டிலும் பல்லை உடைத்துவிட்டேன். அது போதாதென்று குங்கும டெக்கின் ரெக் பட்டன் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன். உரிக்காதீர்கள். மூத்தார் மூட்டையில் வந்த இங்கிலீஷ் படங்களையும் கேட்டு வாங்கிக் காப்பி போட்டுப் பார்க்கிறேன் என்பாள் பாப்பா, அவளுக்கு எதையும் செய்து பார்க்க வேண்டும். சொல்லிவிடு: கடையில் விற்கிற அந்த மாதிரிக் கேசட்டுகளில் 1985-இலிருந்தே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். டிவியில் ஒழுங்காகத் தெரியும், காப்பியில் மூச்சு வாங்குவதுபோல் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும். டெக் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் வரக் கூடாது. நம் கேசட்டில் அப்படி ஒன்றும் கிடையாது.

திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், அவள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள்.

காப்பி முடிந்த பிறகு சந்தன டெக் உன் வீட்டிலேயே இருக்கட்டும். குங்கும டெக்கைத் தூக்கிக் காரில் வைப்பது சுலபம், நாலரைக் கிலோதான். ஆயக்காரன்புலத்தில் சித்தப்பாவுக்கு இப்போது 84. காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில் இருப்பார், மத்தியானம் தூங்குவார். மகன் போன வருஷம் புது டிவி வாங்கிப் போட்டிருக்கிறான். அதன் பக்கவாட்டில் மஞ்சள் ஓட்டை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது பார்த்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
அண்ணன்